பெட்டிக்கடைக் கயிறு

எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் ஒரு கயிறு தொங்கும். தேங்காய் நார்க் கயிறு. மேல் நுனியைக் கடையின் மரச் சட்டத்தில் கட்டியிருப்பார்கள். கீழ் நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். காலையில் கடை திறந்ததும் பற்றவைத்தால் ராத்திரி கடை சாத்தும்வரை அணையாது. பீடி வாங்குகிறவர் காசைக் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து நுனியை ஊதி, பற்றவைத்துக்கொண்டு போவார். தீப்பெட்டிக் காசு மிச்சம்.

நான் அந்தக் கடைக்குப் போவது தாத்தாவுக்குப் பீடி வாங்க. "அண்ணாச்சி, தாத்தா ஒரு கட்டு கேட்டாவ" என்பேன். எட்டு வயசுப் பையன் கையில் பீடிக்கட்டைக் கொடுப்பதில் கடைக்காரருக்கோ எனக்கோ எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

அந்தக் கட்டிலிருந்த பீடி எங்கள் வீட்டிலேயே சுற்றியதாகக்கூட இருந்திருக்கலாம். ஏனென்றால் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாள். முந்தின ராத்திரியே இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி உருட்டி நூலைக் கட்டினால் ஒரு பீடி. வாய் மடக்குவது பிள்ளைகள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் மடக்கியிருக்கிறேன். சாயங்காலம் கம்பெனிக் கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, பாஸ் புத்தகத்தில் கணக்கு எழுதி வாங்கி வருவாள்.

தாத்தா 1996இல் செத்துப்போனார். டி.பி. ஊரில் "நெஞ்சுச் சளி" என்றார்கள், "ஒடம்புல சத்து இல்ல" என்றார்கள். பீடி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை. இந்த நாட்டின் புகைப்பழக்க வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்க ஆரம்பித்த பிறகுதான், எங்கள் திண்ணை அந்த வரலாற்றில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

*

புகைப்பழக்கத்தின் வரலாற்றைப் பேசும் மேற்கத்திய நூல்களில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும். ஒரு மலை. 1880களில் அமெரிக்காவில் பான்சாக்கின் சிகரெட் சுற்றும் இயந்திரம் வருகிறது. அதுவரை கையால் சுற்றிய பொருள் லட்சக்கணக்கில் கொட்டுகிறது. இரண்டு உலகப் போர்களில் சிப்பாய்களுக்கு ரேஷனோடு சிகரெட்டும் போகிறது. மலை ஏறுகிறது. 1950இல் லண்டன் மருத்துவமனைகளின் நோயாளிகளை விசாரித்து, ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிடுகிறார்கள். 1964 ஜனவரியில் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை வருகிறது. அதன்பிறகு மலை இறங்குகிறது. 1965இல் அமெரிக்கப் பெரியவர்களில் 42 சதவிகிதம் பேர் புகைத்தார்கள். இப்போது பத்துக்கு ஒருவர் என்ற நிலைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஜப்பானில் 1960களின் நடுவில் ஆண்களில் 80 சதவிகிதத்துக்கு மேல் புகைத்தார்கள். அங்கேயும் அதே மலை, அதே இறக்கம்.

இந்தியாவை இந்தப் படத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. 2009-10இல் நாடு முழுக்க எடுத்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பின்படி, சிகரெட் குடித்தவர்கள் வெறும் 5.7 சதவிகிதம். பீடி குடித்தவர்கள் 9.2 சதவிகிதம். புகையே இல்லாத புகையிலையை, அதாவது மெல்லுவது, அடக்குவது, பொடி போடுவது இவற்றைப் பயன்படுத்தியவர்கள் 25.9 சதவிகிதம். சிகரெட்டை மட்டும் பார்த்தால் இங்கே மலையே கிடையாது, ஒரு மேடு. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் பீடியும் கைனியும் வெற்றிலைப் புகையிலையும் பரந்து கிடந்தன. பல காலமாக அரசாங்கத்தின் கண்ணுக்கு மேடு மட்டும்தான் தெரிந்தது.

*

புகையிலை போர்த்துக்கீசியர்களோடு இந்தியாவுக்கு வந்தது. அக்பரின் கடைசிக் காலத்தில், 1604 வாக்கில், அசத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து அதைக் கொண்டுபோய் அரசவையில் காட்டினார். அக்பர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வைத்தியர் வேண்டாமென்றதும் நிறுத்திக்கொண்டார். ஆனால் சுற்றி நின்ற பிரபுக்கள் விடவில்லை. 1617இல் ஜஹாங்கீர் தடை போட்டார். அந்தத் தடை என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம பக்கத்தில் அது சுருட்டாக ஊன்றியது. திருச்சிச் சுருட்டு லண்டன்வரை போனது. 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, துப்பறிவாளர் தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். சுருட்டு ஆண்களுக்கு மட்டுமானதாகவும் இருக்கவில்லை. ஆந்திரக் கடலோரத்தில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண்கள், நெருப்புள்ள நுனியை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிகரெட் வேறு வாசல் வழியாக வந்தது. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்கியது. பின்னால் குண்டூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வர்ஜீனியா புகையிலை விளைந்தது. சிகரெட்டுக்கு இயந்திரம் வேண்டும், முதல் வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும். அதனால் முதலில் அது துரையின் விரலிலும், துரையைப் போல ஆக விரும்பியவர் விரலிலும் இருந்தது.

பீடிக்கு இலையும் கையும் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குஜராத், ஜபல்பூர் பக்கம் தலையெடுத்த பீடியை ரயில் ஊரூராகக் கொண்டு போனது. சுதேசி இயக்கம் அதற்கு ஒரு கௌரவத்தையும் கொடுத்தது. அந்நியச் சிகரெட்டைத் தூக்கியெறிந்த படித்தவர்கள், பீடியைக் கையில் எடுத்தார்கள். தேசபக்திக்காகப் பீடி குடித்த ஒரு தலைமுறை இருந்தது. இன்றைக்கு யோசித்தால் சிரிப்பாக இருக்கும்.

ஆச்சியின் தட்டை நினைத்துப் பாருங்கள். இலை மத்தியப் பிரதேசக் காட்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வரும். தூள் குஜராத்திலிருந்தோ கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தோ வரும். கூலி மட்டும் திருநெல்வேலி. மழையை நம்பிய நிலம், நொடித்துப்போன கைத்தறி, வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்கள் என்று எல்லாம் சேர்ந்திருந்த ஜில்லாவுக்கு இந்தத் தொழில் வந்து உட்கார்ந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. மேலப்பாளையத்தில் தறிகள் நின்ற வீடுகளில் பீடித் தட்டு ஏறியது.

*

சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் நானும் சிகரெட் பிடித்தேன். பீடி அல்ல, சிகரெட். ஊருக்குப் போனபோது ஆச்சி சட்டையை மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"சிகரெட்டா?"

"ம்."

"பீடி இல்லைல்லா... சரி. அம்மைக்குத் தெரியாமப் பாத்துக்கோ."

அந்த "பீடி இல்லைல்லா"வில் ஒரு நிம்மதி இருந்தது, லேசான பெருமைகூட இருந்தது. பேரன் ஒரு படி ஏறிவிட்டான். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் அந்தப் படிகள் கண்ணுக்கு நேராகவே இருந்தன. கீழே பீடிக்கட்டு. அதற்கு மேல் சார்மினார், சிசர்ஸ். அதற்கும் மேலே கண்ணாடி டப்பாவுக்குள் ஃபில்டர் சிகரெட். கல்யாண வீட்டில் தாம்பாளத்தில் சிகரெட் வைத்தால் வசதியான வீடு. பீடி குடிக்கும் ஆள்கூட அன்றைக்கு மட்டும் ஒரு சிகரெட்டை எடுத்துக் காதில் சொருகிக்கொள்வார்.

அரசாங்கத்தின் வரியும் இந்தப் படிகளின்படிதான் ஏறி இறங்கியது. 1980களின் பிற்பகுதியிலிருந்து சிகரெட்டுக்கு அதன் நீளத்தை வைத்து வரி. நீளம் கூடினால் வரி கூடும். கையால் சுற்றும் பீடிக்கு மிகச் சின்ன வரிதான், வருஷத்துக்கு 20 லட்சம் பீடிக்குக் கீழே தயாரிப்பவருக்கு அதுவும் இல்லை. ஏழையின் பொருள், ஏழைப் பெண்ணின் வேலை, அதனால் சலுகை என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் நாட்டிலேயே மலிவான புகை பீடியாக ஆனதற்கும் இதே சலுகைதான் காரணம்.

எச்சரிக்கையிலும் அதே கதை. 1975இல் சிகரெட் சட்டம் வந்தது. உடல்நலத்துக்குக் கேடு என்ற வரியைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்றது. பெட்டியில் பெயர் எந்த மொழியிலோ அந்த மொழியில் எச்சரித்தால் போதும். அப்படியென்றால் பெரும்பாலும் இங்கிலீஷ். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும். பீடி அதில் வரவில்லை. எல்லாப் புகையிலைப் பொருள்களையும் சேர்த்த சட்டம் 2003இல் வந்தது. பெட்டியில் எச்சரிக்கைப் படம் கட்டாயமானது 2009 மே 31 முதல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிகரெட் பிடித்த இங்கிலீஷ் தெரிந்தவரை 1970களின் நடுவிலிருந்தே அரசாங்கம் எச்சரித்திருக்கிறது. என் தாத்தாவின் பீடிக்கட்டில் ஒரு தாளும் நூலும் வியாபாரச் சின்னமும் இருந்தன. அவர் செத்துப் பதிமூன்று வருஷம் கழித்துத்தான் அந்தத் தாளில் படம் வந்தது.

*

மேற்கத்திய மலையில் இன்னொரு பொருந்தாத விஷயமும் உண்டு. அங்கே புகைத்தவரைக் கொன்ற நோய் என்றால் நுரையீரல் புற்றுநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், இங்கிலாந்தின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியது. ஆய்வு நடந்த இடம் தமிழ்நாடு, நகரமும் கிராமமும். இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்தார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள்.

கிடைத்த பதில் யாரும் பெரிதாக எதிர்பாராதது. இங்கே புகை அதிகமாகக் கொன்றது டி.பி. வழியாக. புகைப்பவருக்கு டி.பி.யால் சாகும் அபாயம் புகைக்காதவரைவிடச் சுமார் நான்கு மடங்கு. இந்தியாவில் ஆண்களின் டி.பி. சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டில் நிறையப் பேர் உடம்பில் டி.பி. கிருமி சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். புகை அதை எழுப்பிவிடுகிறது. ஏழையின் நோய் என்று ஒதுக்கி வைத்த நோயும், ஏழையின் இன்பம் என்று சலுகை கொடுத்த புகையும் ஒரே நெஞ்சுக்குள் சந்தித்திருக்கின்றன.

இதை நான் வாசித்தது ஆய்வு வந்து பல வருஷங்களுக்குப் பிறகு. அன்றைக்கு ராத்திரி டீக்கடைக்குப் போகவில்லை. உடனே விட்டுவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். மூன்று தடவை முயற்சி செய்துதான் விட்டேன்.

*

இறக்கம் இந்தியாவிலும் வந்தது, மறுக்க முடியாது. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை நாட்டுக்கே விரித்தது. 2002இல் 'பாபா' படத்தில் ரஜினி பீடியோடு வந்தபோது தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய போராட்டம் பலருக்கும் ஞாபகமிருக்கும். சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதற்காகவே அவர் படத்தைப் பார்த்த தலைமுறை நாங்கள். இரண்டு வருஷம் கழித்து அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சரானார். அவர் காலத்தில், 2008 அக்டோபர் 2 முதல் ஆபீஸ், ஓட்டல் எல்லாம் புகை இல்லாத இடங்களாயின. 2012 அக்டோபர் முதல் சினிமாத் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் ஓடத் தொடங்கியது. கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. ஆனால் சிகரெட் ஒரு ஸ்டைல் என்ற இடத்திலிருந்து, அடியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காட்ட வேண்டிய சாமான் என்ற இடத்துக்கு இறங்கியது.

2016-17 கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் 14 சதவிகிதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்தார்கள். சிகரெட் 4 சதவிகிதம், பீடி 7.7. பதினைந்து முதல் பதினேழு வயசுப் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் 9.6இலிருந்து 4.4 ஆகப் பாதிக்கும் கீழே போனது. எனக்கு எல்லா எண்களிலும் பிடித்தது இதுதான். பெட்டிக்கடைக்கு அனுப்பப்படாத பிள்ளைகள் என்று அதை வாசித்துக்கொள்கிறேன்.

ஆனா இதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மொத்தப் புகையிலைப் பழக்கம் 16.2இலிருந்து 20 சதவிகிதமாகக் கூடியிருந்தது. இறக்கம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. அப்புறம் அந்த எச்சரிக்கைப் படம். 2016இலிருந்து பெட்டியின் 85 சதவிகிதத்தை அது நிறைக்கிறது. ஆனால் இங்கே சிகரெட்டின் பெரும்பகுதி ஒற்றை ஒற்றையாகத்தான் விலைபோகிறது. ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர் படத்தைப் பார்ப்பதேயில்லை. அதைத் தினமும் பார்க்கிறவர் கடைக்காரர்தான்.

*

இப்போது ஆச்சியிடம் வருகிறேன். இறக்கத்தின் மறுபக்கம் அவளிடம் இருக்கிறது.

பீடித் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. கூலி, லீவு, வேலை நேரம் எல்லாவற்றுக்கும் விதி. கண்ணூரில் அதை அமல்படுத்தும் நேரத்தில் பெரிய முதலாளி தொழிலை மூடிவிட்டுப் போனார். வேலை போன தொழிலாளர்கள் 1969இல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஒருத்தர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றிய இடம் அது. பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் அதே கூட்டுறவு தேங்காய்ப்பால், குடை, துணி என்று திரும்பியது. சேர்ந்து உட்கார்ந்தவர்களால் சேர்ந்து வேறு வேலைக்கும் போக முடிந்தது.

ஆச்சிக்கு அப்படி ஒரு கூடம் கிடையாது. சட்டத்துக்குப் பிறகு பல ஊர்களில் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. திண்ணைக்கு ஒரு பெண். இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கழிவு என்று ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் மட்டும் நாட்டில் ஏறக்குறைய 50 லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களுக்கென்று 1976 சட்டப்படி ஒரு நல நிதி உண்டானது. விற்கும் பீடிமீது ஒரு சிறு தொகை. அதிலிருந்து மருத்துவமனை, வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை. ஆச்சியின் பாஸ் புத்தகத்தைக் காட்டி, எங்கள் அம்மாவும் சுற்றுகிறவள் என்பதால் அவள் பெயரில் விண்ணப்பித்து, ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு அந்த உதவித்தொகை வந்தது. தாத்தா செத்த வருஷம்தான் நான் ஆறாம் வகுப்பு. அவர் வாங்கிய ஒவ்வொரு கட்டிலும் என் நோட்டுப் புத்தகத்துக்கான காசு கொஞ்சம் இருந்திருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடி மீதான அந்தத் தனி வசூல் முடிவுக்கு வந்தது. ஜி.எஸ்.டி.யில் பீடிக்கு 28 சதவிகிதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் அதை 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தார்கள். மறுபடியும் அதே பழைய காரணம்: ஏழைப் பெண்களின் வேலை. மறுபடியும் அது பொய்யில்லை.

புகைப்பவர் குறைய வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். தாத்தாவை நினைத்தால் வேறு மாதிரி நினைக்க முடியாது. ஆனால் அந்த எண் குறையும் ஒவ்வொரு முறையும் ஒரு திண்ணையில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை நாலு நாளாகிறது. அந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன வேலை என்ற கேள்விக்கு, கண்ணூரைப் போல ஒன்றிரண்டு இடம் தவிர, யாரும் பதில் வைத்திருக்கவில்லை. புகையைக் குறைக்கும் திட்டமும் அவளுக்கு வேலை தரும் திட்டமும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெட்டிக்கடையில் கயிறு இல்லை. சட்டத்தில் சணல் கட்டி ஒரு பிளாஸ்டிக் லைட்டர் தொங்கியது. ஆச்சி இப்போது சுற்றுவதில்லை, கண் மங்கிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து அந்த லான்செட் ஆய்வைப் பற்றி அவளிடம் சொன்னேன். தாத்தாவின் டி.பி.க்குப் பீடி காரணமாக இருக்கலாம் என்பதை முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"எத்தன பேரு வீட்டுல போயிக் கேட்டாவளாம்?"

"செத்துப்போனவங்க மட்டும் நாப்பத்தி மூவாயிரம் பேரு ஆச்சி."

"நம்ம வீட்டுக்கு ஒருத்தரும் வரலியே."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றையொன்று உரசி எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கு எல்லாக் கணக்கும் ஆயிரத்தில்தான்.

"நாப்பத்தி மூணு நாள் வேல" என்றாள்.